இரட்டை முடிச்சு

அக்கா,

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் கல்லூரி கால்பந்து அணி இந்த வருஷம் பதினோரு ஆட்டத்தில் எட்டு ஜெயித்தது. நேற்று இறுதி ஆட்டம்.

உன் மகன் முட்டி வீங்கி, வலது காலை மடக்கவே முடியாமல் மூன்று வாரமாக நொண்டிக்கொண்டிருந்தான். பந்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஆட்டப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் மைதானத்து பெஞ்சில் உட்காரலாம். எங்களோடு உட்காரட்டுமே என்று, பயிற்சியாளரான நானே அவன் பெயரையும் எழுதினேன். பாவம் பார்த்தேன், அவ்வளவுதான். செருப்போடுதான் உட்கார்ந்திருந்தான்.

கடைசி நேரத்தில் ஒருவன் தசைப்பிடிப்பில் விழுந்தான். இறக்க வேறு ஆள் இல்லை. "பத்து நிமிஷம்தான் மாமா, சும்மா நிக்கிறேன்" என்றான் உன் மகன். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டான். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜெயித்துவிட்டோம்.

நாளை ஆபரேஷன். மறுபடி ஆடுவானா என்று கேட்டேன். "முதல்ல நடக்கட்டும் சார்" என்றார் டாக்டர். நீ வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அவன் வலது பூட்ஸைக் கத்தரித்துத்தான் கழற்றினார்கள். லேஸில் இரட்டை முடிச்சு. "யாருப்பா இவ்வளவு இறுக்கிக் கட்டினது?" என்று நர்ஸ் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல், "நான்தான்" என்றான்.

அந்தக் கால் அவன் கைக்கு எட்டாது, அக்கா.

உன் தம்பி