வாய்க்குள் ஒரு காய்ப்பு

அன்புள்ள அக்கா,

உரசி உரசித் தடித்த தோலும், உள்ளேயே கெட்டுப்போன தோலும் பார்வைக்கு ஒரே வெள்ளையாக இருந்தால், எது எதுவென்று எப்படிச் சொல்வது? விலங்கியல் படித்தவள்தான் நான். ஆனாலும் எனக்குத் தெரியவில்லை.

மாமாவின் இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. பல்செட்டின் ஓரம் உரசுகிற இடம். செட் குத்துகிறது என்று உன் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தபோது வைத்திருந்த அரத்தை எடுத்துத் தானே தேய்த்துவிட்டார்.

"பிசிறு இருந்திச்சு கலா. பிசிறுன்னா எடுக்கணும். அதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு?"

பிசிறு போய், அதைவிடக் கூரான விளிம்பு வந்தது.

பல் டாக்டர், செட்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். உரசலால் வந்ததென்றால் மறையுமாம். மறையாவிட்டால் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். உன் மகள் சுவேதா நேராகவே கேட்டாள், "கேன்சரா டாக்டர்?" இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். வேலைக்குப் போன காலமெல்லாம் மாமா அந்தக் கன்னத்தில்தான் புகையிலையை அடக்கிவைப்பார். நீதான் சண்டை போட்டு நிறுத்தினாய். நிறுத்தியது போதுமா அக்கா?

மாமாவோ இதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார். காய்ப்பு. "உளி புடிச்சா கை காய்க்குதில்ல? வாய் காய்க்காதா?" என்று சிரிக்கிறார்.

அவர் சொல்வது பாதி சரிதான். கன்னத்தின் உள்தோல் ஒற்றைத் தாள் அல்ல, பல அடுக்கு. அடியில் இருக்கும் செல்கள் பெருகி, பழையவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மேலடுக்கு இருப்பதே தேய்ந்து உதிர்வதற்குத்தான். முறுக்கோ பல்லோ எது உரசினாலும் அது போகும், அடி தப்பிக்கும். ஒரே இடத்தில் விடாமல் உரசினால் மேலே கெட்டிப்பட்டு வெளுக்கும். உரசல் நின்றால் மெலியும். ஆனால் கோளாறு தொடங்குவதும் அந்த அடியில்தான். மேலிருந்து பார்த்து அதை யார் கண்டுபிடிப்பது?

இதற்கிடையில், போன ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்திலிருந்து சுவேதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் உள்ளே நுழைந்தபோது மாமாவின் கன்னம் ஒட்டாமல் நிறைந்திருந்தது.

"மாமா, செட்டை மாட்டியிருக்கீங்களா?"

"மெதுவா பேசும்மா. சம்பந்தி வர்ற நேரத்துல பொக்கை வாயோட குந்திக்கினு இருக்க சொல்றியா? ஒங்க அக்கா இருந்தா அவ பேசுவா. இப்ப நான்தானே பேசணும்?"

அவர்கள் கிளம்பும்வரை செட்டோடு பஜ்ஜி தின்றுகொண்டு, எல்லோரையும் சிரிக்கவும் வைத்தார்.

நாளை டாக்டரைப் பார்க்க வேண்டும். இன்று மாலை ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தேன், திட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உரசலா, வேறா? "டாக்டராண்ட போட்டுக் குடுத்துடாதே மச்சினிச்சி" என்கிறார். மறைத்தால் டாக்டரின் கணக்கு தப்பாகும். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

முடிவு எதுவானாலும் உள்ளதை உள்ளபடி உனக்கு எழுதுவேன் அக்கா. நல்லதாக்கிச் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

மறுநாள் எழுதுகிறேன். "நடுவில் செட்டை மாட்டினீர்களா?" என்று டாக்டர் கேட்டார். மாமா உடனே, "இல்லீங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சுவேதா அவர் தோளைத் தொட்டாள். "அப்பா, எனக்காகத்தானே மாட்டுனே? எனக்காகவே சொல்லிடு." அவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. திட்டைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். முன்பக்கம் மெலிந்திருக்கிறது, பின்பக்கம் அப்படியே இருக்கிறது, ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துளி வெட்டியெடுத்தார். முடிவு இன்னும் வரவில்லை. வெட்டிய இடத்தை நாக்கால் தொடவே கூடாது என்று அனுப்பினார்.

குமணன்சாவடியில் பஸ் நெரிசலில் நின்றபோது, மாமாவின் கன்னத்துக்குள் நாக்கு மெல்ல அந்தப் பக்கம் நகர்வது தெரிந்தது. "மாமா" என்றேன். நிறுத்திக்கொண்டார்.

உன் தங்கை,
கலா