அம்மாகிட்ட கேட்டுக்கோ

வாலு,

அப்பா எழுதறேன். இங்க ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, வேலைக்குப் போறேன் வரேன், துணி தொவைக்கறேன். அங்க உனக்குச் சளி விட்டுச்சா, கண்ணாடி மாத்தினியா, எழுது.

நீ ஃபோன வச்சு பதினொரு நாள் ஆச்சு. லீவுக்கு வீட்டுக்கு வரல, கூடப் படிக்கற பொண்ணு வீட்ல தங்கிக்கட்டுமான்னு கேட்ட. நான் அம்மாகிட்ட கேட்டுக்கோன்னு சொன்னேன். சொன்னது எனக்கே தெரியல, நீ ஃபோன வச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அம்மா போய்ச் சேந்து அஞ்சு மாசம் ஆச்சு, அது எனக்குத் தெரியும், வாய்க்குத் தெரியல. உன் அத்தை கூப்பிட்டு, பெத்த பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை ஒழுங்கா பேசத் தெரியாதாடான்னு திட்டினா. தெரியாதுன்னேன், வச்சுட்டா.

அந்தப் பொண்ணு அவ அப்பாவ பேர் சொல்லிக் கூப்பிடுறா, எதிர்ல உக்காந்து சண்டை போட்டுட்டு அவர்கூடவே சாப்பிடுறான்னு முன்னாடி சொன்ன. நான் எங்கப்பா முன்னாடி உக்காந்ததே இல்ல. செருப்பு அறுந்தாகூட எங்கம்மாகிட்டதான் சொல்லுவேன், பதிலும் அங்கேந்துதான் வரும். அதத்தான் மரியாதைன்னு சொல்லிக் குடுத்தாங்க. நீ ஒசரமா வளந்ததும் நானும் ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டேன், பொண்ணப் பெத்தவன் அப்படித்தான் நிக்கணும்னு. நடுவுல உங்கம்மா இருந்தா, அதனால தூரம் தெரியல.

நேத்து அவ ஃபோன சார்ஜ் போட்டுத் தெறந்தேன். நீ காலேஜ் டூர் கேட்டப்ப முடியாதுன்னு சொல்லுன்னுதான் நான் சொன்னேன். அவ உனக்கு, அப்பா பஸ் டயர் புதுசான்னு விசாரிக்கறார்னு அனுப்பியிருக்கா. இன்னொரு தடவ, அந்த ஆள்கிட்ட இனிமே பேசவே மாட்டேன்னு நீ அனுப்பியிருக்க. அத அவ என்கிட்ட, பொண்ணு உங்க முதுகுவலி எப்படி இருக்குன்னு கேக்கறான்னு மாத்திச் சொன்னா. நானும் நம்பி, பரவால்லன்னு சொல்லுன்னேன். எல்லாத்தையும் படிச்சேன். கோவம் வரல, அழுகையும் வரல. ஃபோன எடுத்த எடத்துல வச்சுட்டு லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போயிட்டேன்.

அங்க நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல லிஃப்ட் நின்னு ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. பயப்படாதீங்க, காத்து வரும், நான் இங்கதான் நிக்கிறேன்னு கதவுக்கு வெளிலேந்து முக்கால் மணி நேரம் பேசிக்கிட்டே வேலை பாத்தேன். கூட வேலை பாக்கறவன், அண்ணே நீங்க கதவு மூடியிருந்தாதான் நல்லா பேசுறீங்கன்னு கிண்டல் பண்ணான். அதான் ஃபோன விட்டுட்டு இத எழுதறேன்.

நீ கேட்டதுக்கு என் பதில். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போ. நீ இங்க வரணும்னும் எனக்கு இருக்கு. ரெண்டும் நெஜம். அம்மா இருந்திருந்தா இதுல ஒண்ணத்தான் உன்கிட்ட சொல்லியிருப்பா, எதுன்னு எனக்குத் தெரியல, அதனால ரெண்டையும் சொல்லிட்டேன். முடிவு உன்னுது. அங்க போனா தட்ட நீயே கழுவு. அவ அப்பாவ பேர் சொல்லிக் கூப்பிடக் கூச்சமா இருந்தா அங்கிள்னு கூப்பிடு, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்.

நல்லா இரு, எடுத்தது முடியட்டும். ஈரத் தலையோட வெளில போகாத. திட்டணும்னா அத்தைகிட்ட சொல்லி அனுப்பாத, எனக்கே எழுது. பயப்படாத. நான் இங்கதான் நிக்கிறேன்.

அப்பா

முதுகுவலி அப்படியேதான் இருக்கு.