வணக்க மண்டபத்தில் ஓம்

ஜூன் 6, 1938. திங்கள்

விடிய முதலே மழை. வெள்ளவத்தை ஸ்டேஷனில் குடை மடங்கிவிட்டது. கோட்டையில் இறங்கி கிராண்ட்பாஸ் டிராம். கொட்டாஞ்சேனையில் கல்லூரி மேடு ஏறி முடியச் சேலைக் கரை முழுக்கச் சேறு.

வாசலில் புதுத் தாள். ‘மாணவிகளின் நடத்தை ஒழுங்குகள்.’ பிரின்சிபல் மிஸ் ஹார்ட்வெல்லின் வேலை. (இனி மி. ஹா. முழுப் பெயரும் எழுதக் கை வலிக்கும்.) நினைவில் நிற்பவை:

படியில் ஓடக்கூடாது.
டிராமில் உரத்துச் சிரிக்கக்கூடாது. சத்தமில்லாமல் சிரிக்க வகுப்பு வைப்பார்களோ தெரியாது.
தெருவில் கடலை கொறிக்கக்கூடாது.
பெற்றோர் அல்லாதவருடன் கடற்கரைக்குப் போகக்கூடாது.
நெற்றியில் எந்தக் குறியும் கூடாது.

கடைசி ஒழுங்கு சிவபாக்கியத்துக்கும் அவளைப் போன்ற சைவப் பிள்ளைகளுக்கும். சி. என் பக்கத்து மேசை. கிருலப்பனையிலிருந்து வருகிறாள். தகப்பன் இல்லை, தாய் தைத்துப் பிழைக்கிறா. கல்லூரி நன்னடத்தைப் பத்திரம் கொடுத்தால் வருஷ முடிவில் ஆசிரியப் பயிற்சிக்கு எடுப்பார்கள். அதனால் சி. இங்கே வாயே திறப்பதில்லை. திருநீற்றை வாசலில் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். இன்றைக்குத் துடைக்கத் தேவையில்லை, மழை பார்த்துக்கொண்டது என்றாள். அவள் விடும் பகிடி அவ்வளவுதான்.

இனி விஷயம். திங்கள் காலை வணக்கம் தமிழில். மி. ஹா. இந்தத் தவணைதான் வந்தவர், அதற்கு முன் திருநெல்வேலிப் பக்கம் நெடுங்காலம். தமிழ் நன்றாகத் தெரியும். எங்களை விட இலக்கணமாகவே தெரியும். மேடையில் நின்று ஒழுங்குகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு கேட்டார், “இவற்றுக்கு நீங்கள் எல்லோரும் கீழ்ப்படிவீர்களா?”

மறுமொழியைத் தொடக்கிக் கொடுப்பது என் வேலை. வணக்கத் தலைவி, நீலப் பட்டி குத்தியிருக்கிறேன். தொடக்கினேன். “ஓம்.”

பின்னால் மண்டபம் முழுவதும், “ஓ...ம்.”

பாட்டுக்குப் பழகின பிள்ளைகள், ஒன்றாய் இழுத்துவிட்டார்கள். கூரை உயரம். சத்தம் மேலே போய்ச் சுற்றி வந்தது. மி. ஹா.வின் முகம் சுண்ணாம்பு. புத்தகத்தை மூடினார். ஆசீர்வாதம் சொல்லாமலே இறங்கிப் போனார். தலைச்சுற்றாக்கும் என்று நினைத்தோம்.

மத்தியானம்தான் தெரிந்தது. அவர் மந்திரம் என்று நினைத்துவிட்டார்! நெற்றிக் குறியைத் தடுத்ததற்குச் சைவப் பிள்ளைகள் கூடி, கர்த்தருடைய மண்டபத்தில் பிரணவம் ஓதினார்களாம். இவ்வளவு நாளும் அவருக்கு நாங்கள் ‘யெஸ் மிஸ்’ என்று ஆங்கிலத்தில்தானே சொல்லி வந்தோம். யாழ்ப்பாணத்தார் வாயில் ‘ஆமா’ இல்லை, ‘ஓம்’தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சிரித்துச் சிரித்து வயிறு நோ. சி. மட்டும் சிரிக்கவில்லை.

ஜூன் 7. செவ்வாய்

மழை விட்டு விட்டு. இன்றைக்குச் சிரிப்பு இல்லை.

சி.யைக் கூப்பிட்டார்கள். நேற்று முன்வரிசையில் இருந்தாளாம், புருவத்துக்கு மேல் ஒரு கீற்றுத் திருநீறு இருந்ததாம். ஆகவே அவள்தான் கிளப்பியவளாம். மன்னிப்புக் கேட்கும்வரை வகுப்புக்கு வரவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழவில்லை. புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், போனாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தொடக்கியது நான். எங்களுடையது மூன்று தலைமுறை கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், அப்பா சபைக் கோயில் மூப்பர். பழி அவளுக்கு.

நேரே ஆபீசுக்குப் போனேன். தமிழ்ப் பண்டிதர் உள்ளே நின்றார். அது எங்களூர்ப் பேச்சு வழக்கு, ‘ஆம்’ என்பதுதான் பொருள் என்று மி. ஹா.வுக்கு விளக்கிக்கொண்டிருந்தார் பாவம், வேர்த்துக்கொட்ட. அவருக்கு அது விளங்கியும் விட்டது. விளங்கியதுதான் வினை. பொருள் என்னவாகவும் இருக்கட்டும், ஒலி ஒன்றுதானே, வணக்க மண்டபத்தில் அந்த ஒலி கூடாது என்றார். திருநெல்வேலியில் ஒரு கிறிஸ்தவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லையாம். திருநெல்வேலியில் சொல்லாதது கொழும்பில் பாவம்.

சி. அல்ல, நான்தான் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“நீயா? நீதான் முதலில் சொன்னாயா?”

“ஓம், மிஸ்.”

வாய் தவறி வந்தது. சத்தியமாக. வேறு என்ன சொல் இருக்கிறது என் வாயில்? பண்டிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. மி. ஹா. என்னைக் கதவைக் காட்டிப் போகச் சொன்னார். நாளைக்கு அப்பா வரவேண்டும்.

வீட்டில் சொன்னேன். அம்மா நெஞ்சில் கை வைத்தா. அப்பா கறுப்புக் கோட்டை எடுத்து வெளியே தொங்கவிட்டார்.

ஜூன் 8. புதன்

வானம் மூட்டம், மழை இல்லை.

அப்பா துறைமுகச் சுங்கத்தில் கிளார்க்கர். வெள்ளைக்காரர் முன் நிற்பது அவருக்குத் தொழில். நிற்கும் விதமே வேறு, கொஞ்சம் முன்பக்கம் சரிந்து. எனக்கு அது பிடிப்பதில்லை. இன்றைக்கு அதைவிடப் பிடிக்கவில்லை.

அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார். மி. ஹா. விடவில்லை. தமிழ்ப் பெற்றோருடன் தமிழில் கதைப்பது அவருடைய பெருமை. உங்கள் மகள் நல்லவள்தான், ஆனால் நா அடக்கம் இல்லை என்றார். அப்பா தலையாட்டினார். வீட்டில் நீங்கள் கண்டிக்க வேண்டும் என்றார். தலையாட்டல். “இனிமேல் இந்தச் சொல்லை அவள் இங்கே சொல்லாமல் பார்த்துக்கொள்வீர்களா?”

“ஓம், மிஸ்” என்றார் அப்பா. “ஓம், ஓம். கட்டாயம்.”

உள்ளங்கையைக் கடித்துக்கொண்டேன். அப்பாவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. காது சிவந்தது. நாற்பது வருஷம் அடக்கமாய்ச் சொல்லி வந்த சொல், அதுவே துள்ளிக் குதித்துவிட்டது.

பிறகு தீர்ப்பு. வெள்ளி வணக்கத்தில் நான் மேடை ஏற வேண்டும். அதே கேள்வியை அவர் கேட்பார். ‘ஆம்’ என்று நான் திருத்தமாய்ச் சொல்ல வேண்டும். சி.யும் அப்படியே சொன்னால் அவளுக்கு நன்னடத்தைப் பத்திரம். நான் சொல்லாவிட்டால் அவளுக்கும் இல்லை.

என்னுடைய நாக்கு, அவளுடைய சோறு. நல்ல கணக்கு.

திரும்பி வரும்போது அப்பா ரயிலில், பம்பலப்பிட்டி தாண்டி, கடலைப் பார்த்துக்கொண்டு, “ஆமென் எண்டுறதும் எங்கட பாஷை இல்லைத்தானே” என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 9. வியாழன்

கல்லூரிக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன். உண்மையும்தான்.

அம்மா விடிய முதல் ஒரே பாட்டு. சொல்லித் துலையன், ஒரு எழுத்துத்தானே வித்தியாசம். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஒரு எழுத்துக்காக ஒரு பிள்ளையைத் தெருவில் விடுகிறவ பெரியவ, ஒரு எழுத்தை விட்டுக்கொடுக்காத நான் மட்டும் பிடிவாதக்காரி?

ஆனால் ஒன்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் பொய். மி. ஹா. கெட்ட மனுஷி அல்ல. போன மாதம் சி. காய்ச்சலில் மயங்கி விழுந்தபோது ரிக்‌ஷா பிடித்து, தன் குடையையும் கொடுத்து அனுப்பியவர் அவர்தான். கெட்டவராய் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசு.

பின்னேரம் கிருலப்பனைக்கு நடந்தேன். ஒரு அறை, ஒரு தையல் மெஷின், மெஷின் மேல் யாரோ பணக்காரப் பெண்ணின் கல்யாண பிளவுஸ். சி.யின் அம்மா தேத்தண்ணி தந்தா. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். கால் மட்டும் மெஷினில் ஓடிக்கொண்டே இருந்தது.

சி.யிடம் என்ன செய்ய என்று கேட்டேன். உன் வாய், உன் இஷ்டம் என்றாள். நாளைக்கு வருவியா என்றேன். வரச் சொல்லி ஆள் வந்தது, வருவன் என்றாள்.

வரும் வழியில் தீர்மானித்தேன். சொல்லத்தான் போகிறேன். ஆம். ஆம். ஆம். சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிரே ரொட்டிக் கூடையோடு வந்த பாண்காரன் தன்னைக் கூப்பிடுகிறேன் என்று நின்றுவிட்டான்.

ஜூன் 10. வெள்ளி

வெயில்! இந்த வாரத்தில் முதல் தடவை.

எழுத்து கோணல். ஒழுங்காய் எழுதப் பார்க்கிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு இருமல்கூட இல்லை. மேடை ஏறினேன். கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மி. ஹா. கேட்டார், “கல்லூரியின் ஒழுங்குகளுக்கு இனிக் கீழ்ப்படிவாயா, எஸ்தர்?”

“ஆம்.”

பள்ளிக்கூட நாடகத்தில் மந்திரி சொல்வதுபோல இருந்தது. பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். மி. ஹா. என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். உண்மையான புன்னகை, அன்பானது.

பிறகு சி.யின் பக்கம் திரும்பினார். உன் பத்திரம் தயார், நீயும் சொல்லிவிடு என்றார், இதமாய்த்தான். சி. எழுந்தாள். அப்போதுதான் பார்த்தேன். நெற்றியில் திருநீறு. கீற்று அல்ல, மூன்று குறி, காது வரை. துடைக்காமல் வந்திருக்கிறாள்.

“இல்லை, மிஸ்.”

உரத்துச் சொல்லவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்டது.

“நான் பிழையொண்டும் செய்யேல்லை. எஸ்தரும் செய்யேல்லை. செய்யாத பிழைக்கு நான் என்னத்துக்கு ஓம்படுறது?”

ஓம்படுறது! ஒத்துக்கொள்வதற்கு எங்களிடம் இருக்கும் வினையும் அதுதான், அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. மண்டபம் மூச்சை உள்ளே இழுத்தது. பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

மி. ஹா. சிவந்து, பிறகு வெளுத்து, என்னிடம் திரும்பினார். நீ ‘ஆம்’ என்று சொன்னது சொன்னதுதானே என்று கேட்டார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அவர் என்னிடம் உதவி கேட்டார் என்றே நினைக்கிறேன்.

“இல்லை, மிஸ்” என்றேன்.

நீலப் பட்டியைக் கழற்றி ஆர்கனின் மேல் வைத்தேன். ‘இல்லை’ என்பதற்குத் திருநெல்வேலியில் வேறு சொல் இருந்தால் திருத்தியிருப்பார். இல்லை போலும்.

இறங்கி நடந்தோம், இரண்டு பேரும். வாசலில் சி. என்னைப் பிடித்துக்கொண்டாள். “உன்னை ஆரடி ஆம் சொல்லச் சொன்னது? என்ரை பேரில நீ ஏன் குனிஞ்சனி?” அவள் இவ்வளவு சத்தமாய்க் கதைத்து நான் கேட்டதில்லை. உனக்காகத்தான் என்றேன். தனக்காக யாரும் குனியத் தேவையில்லை, குனிய வேண்டுமானால் குனிந்து பழகின தானே குனிந்திருப்பாளாம். வெட்கமாய் இருந்தது. சந்தோஷமாயும் இருந்தது. கல்லூரி கேட்டுக்கு முன்னாலேயே கடலை வாங்கித் தின்றோம்.

ஜூன் 11. சனி

வெயில். அம்மா இரண்டு வாரத் துணியையும் காயப் போட்டா.

சி. நேற்றுப் பின்னேரமே வெள்ளவத்தையில் ஒரு சைவப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தாளாம். சின்ன வகுப்புக்கு ஆள் தேவை, சம்பளம் அரைவாசி, பத்திரம் கேட்கவில்லை. பயிற்சி இல்லாமல் இதற்கு மேல் ஏற முடியாது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பத்து மணிக்கு வந்து சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். திருநீறு இருந்தது.

மத்தியானத் தபாலில் கல்லூரிக் கடிதம், அப்பா பேருக்கு. சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தார். பிறகு எங்களுக்காக உரத்து. சிவபாக்கியத்தின் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் எஸ்தர் தவறான சிநேகத்தால் கெட்டவள். திங்கள் காலை தகப்பனார் அழைத்து வந்து, அவரும் அவளும் மண்டபத்தில் வருத்தம் தெரிவித்தால், பட்டியும் இடமும் பழையபடி.

அம்மா கறுப்புக் கோட்டைப் பார்த்தா. அது இன்னும் ஆணியில் தொங்கியது. ஒரு மடிப்பு எடுக்க வேண்டும், இஸ்திரிப் பெட்டிக்குக் கரி இருக்கிறதா பார்க்கிறேன் என்று எழுந்தா. அப்பா அந்த மண்டபத்தில் எப்படி நிற்பார், எவ்வளவு சரிந்து நிற்பார் என்று கண்ணில் தெரிந்தது.

“போறீங்களோ அப்பா?” என்று கேட்டேன்.

அப்பா கடிதத்தை மடித்துத் தட்டுக்குக் கீழே வைத்தார். சோற்றைப் பிசைந்தார்.

“இல்லை” என்றார்.