பதினொரு காய்ந்த பூக்கள்

அன்புள்ள சுண்டெலிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, மூன்று வாரமாகப் பதிலே இல்லாததால் அமோகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டோம். காலேஜ் சேரப் போகிற அன்று சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு ரோஸ் செடியை நட்டு, நான் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு பூவையும் கிள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டாய் அல்லவா, உன் அம்மா அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். செடி சொன்ன சொல் தவறாமல் பூத்தது, பதினொரு பூ, குழம்பு கொதிக்கும்போதும் வாசனை அதையும் மீறி வந்தது. நீதான் பரீட்சை, ப்ராஜெக்ட், தோழியின் அக்கா கல்யாணம் என்று மூன்று முறை தள்ளிப்போட்டாய். நான் சர்வீஸ் பார்க்கிற லிஃப்ட்டுகள்கூட மேலே போனால் கீழே வருகின்றன.

பூவெல்லாம் டீத்தூள் நிறத்தில் காய்ந்து தொங்கியது, புது மொட்டு ஒன்றுகூட இல்லை. வருஷம் முழுக்கப் பூக்கும் என்றுதானே கொடுத்தீர்கள் என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, வாடின பூவ வெட்டலன்னா செடி காய் பிடிக்கப் போயிடும் சார், அப்புறம் எதுக்கு மொட்டு விடணும் என்றார். இதைப் புரிந்துகொள்ள ஒரு டிப்ளமா தேவையில்லை. அம்மா வெளியே போன நேரத்தில் ஒயர் கட்டரால் பதினொன்றையும் வெட்டினேன். வந்து பார்த்தவள், அவ பாக்கவே இல்லியே என்று மட்டும் சொன்னாள். குப்பையிலிருந்து இதழ்களைப் பொறுக்கி உன் பழைய டிபன் பாக்ஸில் வைத்திருக்கிறாள், மருந்துக்குக்கூட உதவாத அவை எதற்கு என்று கேட்டால் முறைக்கிறாள்.

இப்போது ஒன்பது மொட்டு. நான் சொன்னது சரி என்று இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை, பழகிவிட்டது. ஒன்று பிளந்து ரோஸ் நிறம் தெரிகிறது, சனிக்கிழமை விரியும், ஐந்து நாள் நிற்கும், ஆறாம் நாள் வெட்டியாக வேண்டும். அம்மா கட்டரை ஒளித்து வைத்துவிட்டாள். அரிசி டப்பாவில்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும். இன்னும் எடுக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகப் படி, நன்றாக இரு. வரும்போது சார்ஜரை மறக்காதே, என்னுடையது தர மாட்டேன்.

வெட்டாமல் காத்திருக்கும்,
அப்பா