ஊசி மேல் போட்ட பழி

8-7-91, திங்கள்
விடாத காற்று. கொடியில் போட்ட என் வேட்டி பக்கத்து காம்பவுண்டில்.

பனியன் கம்பெனியில் மானம் போனது. நிட்டிங் ஷெட்டில் எட்டு மிஷினும் ஓட்டத்தில். முதலாளி பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். காலை பத்து மணிக்கு வேறென்ன கேட்பார்? "ஆச்சுங்க, நாலு இட்லி" என்றேன். அவர் கேட்டது: "மூணாம் நம்பர்ல ஊசி போயிருச்சுங்களா மாஸ்டர்?" ஹெல்பர்கள் துணி ரோலுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள். சாயங்காலம் வரை என் பேர் நாலு இட்லி.

ஊசி போய்த்தான் இருந்தது. துணி நெடுகக் கோடு, ரெண்டு ரோல் வேஸ்ட். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே எந்த மிஷினில் ஊசி முறிந்தது என்று சொல்வேன். எட்டாவது படித்தவனை மாஸ்டர் என்று கூப்பிடுவது அதற்குத்தான்.

காற்றுச் சத்தம். வேறொன்றுமில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், சீயக்காய், கவிதாவுக்கு கிராஃப் நோட்டு.

10-7, புதன்
வேலை விட்டு வந்ததும் கு.அ. போட்டேன்.

சரசு இந்த நோட்டைப் படித்தால் கு.அ. யாரென்று வம்பு வரும். எழுதியே வைக்கிறேன். குன்னூர் அம்மா. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். துரை விட்டுப்போன ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி ரெக்கார்டையும் என் தலையில் கட்டினார்கள். அதில் லேபிள் கிழிந்த ஒன்று. பாடுகிற அம்மா எந்த ஊரோ, பேர் நான் வைத்தது. அப்புறம் ஊட்டி, பெங்களூர் நடைபாதை என்று அலைந்து இன்றைக்கு 143 ரெக்கார்டு. ஜாஸ், ப்ளூஸ், சோல் என்று அட்டையில் போட்டிருக்கும். எனக்கு அந்தப் பிரிவினை தெரியாது. சிலது தலையாட்ட வைக்கும். சிலது போட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழ முடியாது.

கு.அ.வில் முதல் அடி முடிந்ததும் வாத்தியமெல்லாம் நிற்கும். அடுத்த அடிக்கு முன்னால் அந்த அம்மா மூச்சு இழுக்கும். அவ்வளவுதான். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது, அந்த மூச்சு புரியும். இருபத்திரண்டு வருஷமாக அதற்காகத்தான் போடுகிறேன்.

இன்று மூச்சு இல்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். பிளேயர் ஊசி தேய்ந்துவிட்டது.

12-7, வெள்ளி
காதர் பாய் ரேடியோ கடை. புது ஊசி கேட்டேன்.

"போன மாசம்தானுங்களே மாத்துனீங்க? காச்சக்காரப் புள்ளைக்குக்கூட டாக்டரு இத்தன ஊசி போடமாட்டாருங்."

லென்ஸ் வைத்துப் பார்த்தார். "தேயவே இல்லீங் மாஸ்டர்."

டூப்ளிகேட் கொடுத்துவிட்டீர்கள் என்றேன். கடை நிறைய ஆள். இருபது வருஷப் பழக்கம். "மெதுவாப் பேசுங்க, நான் இங்கதான இருக்கறேன்" என்று மட்டும் சொல்லி, புதுசு ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

புது ஊசியிலும் மூச்சு இல்லை. அப்படியானால் ரெக்கார்டே தேய்ந்துவிட்டது. தேய்த்தவன் நான்.

14-7, ஞாயிறு
தூறல். கறிக்குழம்பு. கு.அ.வைக் கடைசியாக ஒரு தடவை போட்டுவிட்டு, தேய்ந்து போச்சு, எடுத்து வைத்துவிடலாம் என்றேன். பக்கத்து அறையில் கவிதா ப்ளஸ் டூ கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்ப்பா தேஞ்சுது? இப்பக்கூட மூச்சு இழுத்தாங்களே."

"எங்க கண்ணு?"

"எப்பவும் இழுக்கற எடத்துலதாங்ப்பா."

மறுபடி வைத்தேன். கதவுப் பக்கம் வந்து நின்று, அந்த இடத்தில் விரலைத் தூக்கினாள். "இதா."

எனக்கு ஒன்றுமே இல்லை. ரெக்கார்டு சுற்றுகிறது, அவள் விரல் மேலே நிற்கிறது.

அடுப்படியிலிருந்து சரசு: "மிஷின் சத்தத்துல காது போயிருச்சுன்னு ரெண்டு வருசமாச் சொல்லிட்டிருக்கறேன். அதுவே உங்களுக்குக் கேக்கலையாட்ட."

நல்ல ஜோக். நானும் சிரித்தேன். ரெக்கார்டை அட்டைக்குள் வைத்தேன்.

17-7, புதன்
ஆடி ஒன்று. லீவு போட்டுவிட்டு கோயமுத்தூர், காது டாக்டர். சரசுவும் கூட.

காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கிறபோது பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கேட்காமலேயே ரெண்டு தடவை அமுக்கிவிட்டேன். ஸ்கூலில் காப்பி அடித்த புத்தி. கண்டுபிடித்துவிட்டார்கள். கவிதாவின் கிராஃப் தாள் போல ஒன்று கொடுத்தார்கள். கோடு நேராகப் போய், திடீரென்று கிணற்றில் குதிக்கிறது.

"மிஷின் ஷெட்ல எத்தனை வருஷம்?"

"இருபத்தாறுங்க."

"சன்னமான சத்தம்தான் மொதல்ல போகும். போனது வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கோங்க, வேலை நேரத்துல காதை அடைச்சு வச்சுக்கோங்க."

"ஊசி ஏதாச்சும்..."

"இதுக்கு ஊசி கிடையாதுங்க."

காதை அடைத்தால் மிஷினில் ஊசி முறிவது சுத்தமாகத் தெரியாது. அப்புறம் நான் என்ன மாஸ்டர்? அடைக்காவிட்டால் மிச்சப் பாட்டும் போய்விடும். யோசித்து யோசித்து அவினாசி வரைக்கும் வந்தாயிற்று, விடை வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை சரசு எனக்கு விட்டுக்கொடுத்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு நாளும் கொடுத்ததில்லை. டாக்டர் சொன்னதைவிட அதற்குத்தான் பயந்தேன்.

19-7, வெள்ளி
காதர் பாயிடம் போனேன்.

"ஊசி நல்ல ஊசிதானுங் பாய். தப்பு என் மேலதான்."

"அன்னைக்கு நீங்க கத்தறப்பவே தெரியுமுங்க. எங்க அத்தா சோமனூர்ல தறி ஓட்டுனவரு. கடைசில உப்புக் கேக்கறதுக்குக்கூட ஊரையே கூப்பிடுவாரு." டீ சொன்னார். குடித்தேன்.

கம்பெனியில் காதுக்குப் பஞ்சு வைக்கவில்லை இன்னும். பையில் இருக்கிறது.

21-7, ஞாயிறு
காற்று நின்றுவிட்டது. இனி அதன் மேலும் பழி போட முடியாது.

கவிதா தானாகவே கு.அ.வை எடுத்து, துடைத்து, போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்கிற பாட்டு அவளுக்கு. முதல் அடி எனக்குக் கேட்டது, போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. வாத்தியம் நின்றது. அவளைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்தது, தோள் ஏறியது, இறங்கியது. அப்புறம்தான் அடுத்த அடி.

தலையாட்டினேன், சரியான இடத்தில்.

"கேட்டுச்சாங்ப்பா?"

"ம்."

"பொய் சொல்லாதீங்க."

"நெசமாத்தான் கண்ணு. புது ஊசியாச்சே."

சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அப்படிச் செய்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. சொன்னால் தெரிந்துவிடும், அப்புறம் தானாக வராது. அதனால் இங்கே மட்டும்: அந்த அம்மா இழுத்தது கேட்கவில்லை கண்ணு, நீ இழுத்ததைப் பார்த்தேன்.