யாரும் பிரிக்காத 261 கடிதங்கள்

மார்ச் 3, திங்கள்
மருத்துவமனையின் மாதிரி அறையில் உறைபெட்டி சனிக்கிழமையே நின்றுவிட்டிருக்கிறது. பத்தொன்பது நோயாளிகளின் திசுக்கள் கெட்டுப்போயின. அந்த நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. "சர்வர் நமக்கு ஒண்ணுமே சொல்லலியே" என்றார் மேலாளர். உறைபெட்டியின் குளிரைக் கண்காணிக்கும் சர்வர் என் பொறுப்பு. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மார்ச் 4
சொல்லியிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு கடிதம், மொத்தம் 261. எல்லாம் சர்வருக்குள்ளேயே இருக்கும் தபால்பெட்டியில், யாரும் பிரிக்காமல். அங்கிருந்து எங்கள் மின்னஞ்சலுக்குத் திருப்பிவிட சர்வரில் ஒரே ஒரு கட்டளை வரி போதும். அந்த வரியைப் போன வருடம் எடுத்தது யார்?
நான்தான்.
"நொய்யு நொய்யுனு மெயிலா வருதும்மா, நிறுத்தித் தொலை" என்றார் மேலாளர். சரி சார் என்றேன். எனக்கும் அவை தொல்லையாகத்தானே இருந்தன? த்தூ.

மார்ச் 5
ஆறு வயதுச் சிறுமிக்கு இடுப்பெலும்பில் மறுபடி ஊசி குத்தி மஜ்ஜை எடுக்க வேண்டும். அவள் அம்மா வராந்தாவில் கேட்டாள்: "ஒரு தடவை குத்தினதுக்கே நாலு நாள் அழுதா. அவகிட்ட என்னன்னு சொல்றது?"
"மிஷின் கோளாறும்மா, யார் என்ன பண்ண முடியும்?" என்று மேலாளர் தலையைச் சாய்த்து வருத்தப்பட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மார்ச் 6
"அந்தப் பழைய மெயிலெல்லாம் குப்பைதானே? துடைச்சிடு. உனக்கும்தான் நல்லது." சிரித்துக்கொண்டே சொல்கிறார் மனுஷன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் கரண்டி பிடிக்க வேண்டுமாம்.
அழிக்கப் போவதில்லை என்று தங்கையிடம் சொன்னேன். "உன் பேரும் சேர்ந்துதானே நாறும்?"
"நாறட்டும்டி."

மார்ச் 7
261 கடிதங்களையும் அச்செடுத்தேன். வரியை எடுத்தது நான், எடுக்கச் சொன்னது மேலாளர் என்று மேலே எழுதி, கையெழுத்திட்டு, தலைமை மருத்துவர் மேசையில் வைத்தேன். பாதி வரை படித்தார். "இதை அந்த அம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 8
சொன்னேன். அவள் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருக்கலாம்.
அந்த வரியை மறுபடி போட்டேன். இம்முறை மூன்று பேருக்கு: எனக்கு, தலைமை மருத்துவருக்கு, மாதிரி அறை நர்ஸுக்கு.

ஏப்ரல் 2
மேலாளருக்குக் கிளை அலுவலகத்துக்கு மாற்றம். கேக் வெட்டி, கைதட்டி வழியனுப்பினார்களாம். நான் போகவில்லை.
எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இரண்டு முறை படித்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஏப்ரல் 9
காலையில் சர்வரிடமிருந்து மெயில் வந்ததும் மாதிரி அறைக்கு ஓடினேன். நர்ஸ் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள்.
"பார்த்துட்டுதான் வந்தேன்கா. பெட்டிக் கதவு சரியா மூடல. மூடிட்டேன்."