கியர் பக்கக் கைப்பிடி

பிப்ரவரி 3, திங்கள்

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் இரண்டாவது லிஃப்ட் காலையிலிருந்து நகரவில்லை. நான் மோட்டாரைக் கழற்றுவேன் என்று நினைத்துக் காவலாளி ஏணியெல்லாம் எடுத்து வைத்திருந்தார். ஐந்தாம் மாடிக் கதவடியிலிருந்து ஒரு துடைப்பக் குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கதவு முழுசாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. நகரக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். "எது ஓடலைன்னாலும் முதல்ல கதவைப் பாருங்க, அப்புறம் மோட்டாரைத் திட்டலாம்" என்றேன். இருபத்தாறு வருடமாக இதே வசனம். எனக்கே அலுத்துவிட்டது.

மத்தியானம் அக்கா போன் செய்தாள். வண்டியை விற்கப் போகிறாளாம். நிறுத்தியிருக்கும் இடத்துக்காரர் மாதக் கடைசிக்குள் எடுக்கச் சொல்லிவிட்டார். வாங்குகிறவர் ஓட்டிப் பார்த்துத்தான் எடுப்பாராம். "நீயே போய்ப் பாரு. வேற யாரும் அதுல கை வைக்க வேணாம்" என்றாள்.

எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் வண்டி என்றால் ஒன்றுதான்.

பிப்ரவரி 4

தூக்கம் இல்லை. விளக்கை அணைத்தேனா? அணைத்தேனா?

பிப்ரவரி 8, சனி

போனேன்.

லாரிகளுக்கும் பழைய படகுகளுக்கும் நடுவில் நிற்கிறது. அத்தான் ஆசை ஆசையாக வாங்கிய மோட்டார்ஹோம். டீசல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், பின்னால் கட்டில், அடுப்பு, ஒரு ஆள் நிற்கக் குளியலறை. கூரையில் பாசி பிடித்திருக்கிறது. கதவைத் திறந்ததும் அவர் வாசனை வந்துவிடுமோ என்று பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். ஐம்பத்தோரு வயது ஆள் செய்கிற வேலையா இது? ஈர நெடிதான் இருந்தது. ஆனால் மேசையில் அவர் மூக்குக் கண்ணாடி, மடக்காமல், எங்களைப் பார்த்தபடி. எங்களை என்று எழுதிவிட்டேன். நான் ஒருவன்தான் இருந்தேன்.

எழுதிவிடுகிறேன். இரண்டு வருடமாக எழுதாமல் இருந்தது. ஏரிக்கரையில் மூன்று பேரும் தங்கியிருந்தோம். விடிந்து கொஞ்ச நேரம். அக்கா டிரைவர் சீட்டை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு, அத்தானுக்கு எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரி பதினைந்து நிமிடத் தூரம். நான் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் அடிக்கவே இல்லை. சத்தமே இல்லை. திரும்பத் திரும்பத் திருப்பினேன். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் வண்டியை இழுத்துப் போக ஒருவர் வந்தார். ஏறி உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார், முதல் தடவையிலேயே எடுத்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்கிறேன். அவர் சாதாரணமாக, "ராத்திரி லைட் ஏதாவது எரியவிட்டீங்களா? பேட்டரி இறங்கியிருக்கும், ஓய்வு குடுத்ததும் தேறியிருக்கும்" என்றார். அத்தான் போனதற்கு முந்தின ராத்திரி கட்டில் விளக்கில் படித்துக்கொண்டிருந்தவன் நான்தான். படித்தபடியே தூங்கிவிட்டேன்.

அதுவே தீர்ப்பாகிவிட்டது. அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கா பொண்ணு வாயால் சொல்லிவிட்டாள்: "ஒரு லைட்டை அணைக்கத் தெரியலையா உங்களுக்கு?" அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை. அக்கா வீட்டுக்கு நான் போனால் உள்ளறைக்குப் போய்விடுவாள்.

பேட்டரி செத்துக் கிடக்கிறது. இரண்டு வருடம் நின்றால் எந்தப் பேட்டரியும் சாகும். நாளை புதுசு.

பிப்ரவரி 9, ஞாயிறு

புதுப் பேட்டரி போட்டேன். இவ்வளவு பெரிய வண்டிக்கு எஞ்சின் பேட்டரி டிரைவர் காலடியில் தரைக்குக் கீழே இருக்கிறது. சீட்டைத் திருப்பினால்தான் மூடியைத் திறக்க முடியும். வடிவமைத்தவன் வீட்டில் யாரும் அவனோடு பேசுவதில்லை போலிருக்கிறது.

சாவியைத் திருப்பினேன். டாஷ்போர்டில் எல்லா விளக்கும் பளிச்சென்று எரிகிறது. செல்ஃப் அடிக்கவில்லை. ஒரு 'டிக்' கூட இல்லை. அதே மௌனம். இறங்கிப் போய்ப் படகு ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வேலைக்காரனாக யோசித்தேன். டெர்மினல் சுத்தம். எர்த் வயர் இறுக்கம். செல்ஃப் மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன், எஞ்சின் சுற்றுகிறது. அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சாவியிலிருந்து கிளம்பும் உத்தரவு நடுவில் எங்கேயோ நின்றுபோகிறது.

மீட்டரோடு வயர்களைத் தேடிப் போனபோது இன்னொன்று கண்ணில் பட்டது. கட்டிலடியில் தனியாக ஒரு பேட்டரி. உள் விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் அதில்தான். எஞ்சின் பேட்டரியோடு அது சேர்வது எஞ்சின் ஓடும்போது மட்டும். சேர்க்கிற ரிலேயையும் கழற்றிச் சோதித்தேன். ஒழுங்காக இருக்கிறது.

அதாவது, கட்டில் விளக்குக்கும் எஞ்சினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் அந்த விளக்கை ஒரு வாரம் எரியவிட்டிருந்தாலும் வண்டி எடுத்திருக்க வேண்டும்.

மூன்று தடவை சரிபார்த்தேன். பிறகு அத்தானின் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 10

ஆனால் அப்படியென்றால் ஏன் எடுக்கவில்லை? அன்றைக்கு டாஷ்போர்டு விளக்குகள் எரிந்தனவா? நினைவில் தேடித் தேடிப் பார்க்கிறேன். அத்தானின் முகம்தான் வருகிறது.

சொந்தக்காரர் ஒருவர் துக்கத்துக்கு வந்தபோது சொன்னார், "அவருக்கே போக இஷ்டமில்ல போல. அந்த இடம் புடிச்சுப் போச்சு." அப்போது அவரை அடிக்கலாம் போலிருந்தது. இன்று அதுவாகவே இருந்தால் தேவலை என்று நினைக்கிறேன். காரணம் கிடைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

எடுத்தது!

காலையில் சீட்டைத் திருப்பி, பேட்டரி மூடியைப் போட்டு, சீட்டை நேராக்கி, சும்மா சாவியைத் திருப்பினேன். கரும்புகை கக்கிக்கொண்டு எடுத்தது. நான் ஒன்றையும் சரிசெய்யவில்லை. கால்மணி நேரம் ஓடவிட்டு அணைத்தேன். சீட்டை உள்பக்கம் திருப்பி, மேலே தூக்கியிருந்த கியர் பக்கக் கைப்பிடியை இறக்கிவிட்டு, அதில் முழங்கையை ஊன்றிச் சாப்பிட்டேன். எதிரில் அத்தான் உட்கார்ந்த இடம். மறுபடி சீட்டைத் திருப்பிச் சாவியைப் போட்டால், செத்த பிணம்.

"அத்தான், விளையாடாதீங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்த வண்டிக்குள் இருக்க முடியவில்லை. சாவியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

சாவியை எடுக்கத்தான் போனேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சும்மா கியர் லீவர்மேல் கை வைத்தேன். ஒரு விரல் அகலம் நகர்ந்து பள்ளத்தில் விழுந்தது. சாவியைத் திருப்பினேன். எடுத்தது.

அத்தான் வண்டியை நிறுத்தும்போது நியூட்ரலில் விட்டுக் கைபிரேக் போடுவார்; பார்க்கிங்கில் போட்டால் சிக்கிக்கொள்கிறது என்பார். லீவரடி எழுத்தெல்லாம் தேய்ந்து எது எந்த கியர் என்று தெரியாது. நியூட்ரலை விட்டு விரலளவு விலகினாலும் செல்ஃப் அடிக்காது. வண்டி பாய்ந்துவிடக் கூடாது என்று செய்த பாதுகாப்பு. லிஃப்ட் கதவு மாதிரியேதான். அதே கதவு!

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுந்ததாம் கழனிப் பானையிலே. ஊரிலுள்ள காவலாளிக்கெல்லாம் பாடம் நடத்துகிற நான், பதினைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி இருக்கும்போது, சாவியைத் திருப்பித் திருப்பி... ஒரு விரல். ஒரு விரல் அகலம்தானே. இழுக்க வந்தவர் பழக்க தோஷத்தில் லீவரைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சாவியைத் தொட்டிருப்பார். எல்லா டிரைவரும் செய்வது அது.

லீவர் எப்படி நகர்ந்தது? அதையும் பார்த்துவிட்டேன். கைப்பிடி இறங்கியிருக்கும்போது சீட்டைத் திருப்பினால் அதன் முனை லீவரை இடிக்கிறது. 'டக்' என்று சின்னச் சத்தம். ஐந்து தடவை திருப்பினேன். ஐந்து தடவையும் டக். நேற்றுக் காலை கைப்பிடி மேலே இருந்தது, மூடி போட்டுவிட்டு லீவரைப் பிடித்து எழுந்திருப்பேன்; அதனால்தான் எடுத்தது.

அன்றைக்கு அந்தச் சீட்டில் கைப்பிடியை இறக்கிவிட்டுக் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தது அக்கா. பதறி எழுந்து, எனக்காகச் சீட்டை நேராகத் திருப்பிவிட்டதும் அவள்தான். "உட்காருடா, எடுடா வண்டிய" என்று கத்தினாள்.

டக்.

பிப்ரவரி 17

வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று பொய் சொன்னேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சொன்னால் நான் தப்பிப்பேன். அக்கா பொண்ணு என்னோடு பேசுவாள். அதுதானே இரண்டு வருடமாக வேண்டிக்கொண்டிருந்தேன்? அவள் ஒருமுறை மாமா என்று கூப்பிட்டால் போதும் என்று.

ஆனால் யார் தலையில் இறக்கிவைத்துவிட்டுத் தப்பிப்பது? தன் கையால் திருப்பிய சீட்டு என்று அக்காவுக்குத் தெரிந்தால் அவள் உயிரோடு இருப்பாளா? அவள் வேண்டுமென்றா செய்தாள்? எனக்கு வசதி செய்துகொடுத்தாள், அவ்வளவுதான். பார்த்திருக்க வேண்டியவன் நான். சீட்டில் இருந்தவன் நான்.

விளக்குப் பழி என்மேலேயே இருக்கட்டும். பழகிய சுமை தோளை உறுத்தாது.

சாயங்காலம் போய் அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிட்டேன். இரண்டு போல்ட்தான். துணியில் சுற்றி என் டூல் பெட்டியில் அடியில் போட்டேன். கொலை செய்தவன் கத்தியை மறைப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு. சரி, எழுதியாகிவிட்டது, இனி அழிக்க வேண்டாம்.

பிப்ரவரி 22, சனி

வண்டியைத் துடைத்துக் கொடுக்க அக்கா வந்தாள். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் ஏறுகிறாள். படியில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கை நீட்டினேன், பிடிக்கவில்லை.

அத்தானின் கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுப்பைத் தேய்த்தாள். நான் வெளியே டயருக்குக் காற்றுப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். முன்பக்கம் துடைக்கும்போது ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"என்ன கோளாறுடா இருந்துச்சு?"

"எர்த் வயர் லூசு. முறுக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இந்த சீட்டுல ஒரு பக்கம் கைப்பிடி இல்லையே?"

"உடைஞ்சிருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

துடைத்த துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்தாள். சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

வண்டி போய்விட்டது. வாங்கினவரைத் தனியாகக் கூப்பிட்டு, எப்போது எடுக்காவிட்டாலும் முதலில் கியரைத் தள்ளிப் பாருங்கள் என்று நாலு தடவை சொன்னேன். "ஏற்கனவே சொல்லிட்டீங்க சார்" என்று சிரித்தார். ஐந்தாவது தடவையும் சொன்னேன்.

வண்டி வளைவில் திரும்பும் வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

மார்ச் 2, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குப் போன். எண்ணைப் பார்த்ததும் அக்காவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"மாமா" என்றாள் அக்கா பொண்ணு.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா சொன்னாங்க மாமா. சீட்டைத் திருப்பினது அவங்கதான்னு. கைப்பிடி இடிச்சுதான்னு." அழுதாள். "என்னை மன்னிச்சிடுங்க. நீங்க கொஞ்சம் வீட்டுக்கு வாங்க. அம்மா சரியா இல்ல."

உடனே போனேன். அக்கா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டப்பாவிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். டிரைவர் சீட்டுக்கு மேலே வெயிலை மறைக்க ஒரு பலகை இருக்குமே, அதன் பின்னால் செருகியிருந்ததாம். துடைக்கும்போது விழுந்திருக்கிறது. அத்தானின் குண்டுக் கையெழுத்து.

கிளம்பும் முன்: படி உள்ளே. கேஸ் மூடு. ஜன்னல். கைப்பிடியை மேலே தூக்கு, பிறகு சீட்டைத் திருப்பு. மறந்தால் கியர் இடிபட்டிருக்கும், எடுக்காது. பார்.

என் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்திருக்கிறது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஒளித்துவைத்ததை அத்தானே வந்து சொல்லிவிட்டார்.

"நான் பாத்திருக்கணும்க்கா. என் வேலையே அதுதானே" என்றேன்.

"அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சுடா. அன்னைக்கே கேட்டுச்சு. என்னன்னுதான் தெரியல." பிறகு, "கைப்பிடியைத் தூக்கிப் போடலல்ல?" என்றாள்.

"இல்ல. டூல் பெட்டியில இருக்கு."

"இருக்கட்டும்."

பொண்ணு எனக்குக் காபி கொண்டுவந்து வைத்து, மாமா சர்க்கரை போதுமா என்று கேட்டாள். இரண்டு வருடமாகக் காத்திருந்த குரல். போதும் என்றேன். குடித்தேன். ருசி தெரியவில்லை. இந்த வாரம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அக்காவின் கண்ணடியில் ஒரு வாரத்துக் கருப்பு.

"உட்காருக்கா" என்றேன்.

அவள் நாற்காலியை இழுக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, நாலு காலும் தரையில் சத்தமில்லாமல் பதிகிறதா என்று குனிந்து பார்த்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.